மேற்கே சூலம் இருந்த வெள்ளிக்கிழமை

என் ஒரே மகன் இளங்கோவனை 2002-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று செந்துறைச் சாலையில் அடித்துப் போட்டது. அன்று முதல் நான் இறைவனோடு நல்ல முகத்தோடு பேசியதில்லை. அடியார்களே, இதை நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். தன்னை ஏசிப் பாடியவர்களையும் அவன் தன் பக்கத்தில் அமர்த்திக்கொண்டான் என்பது பாடிப் பாடி நாம் எல்லோரும் அறிந்ததுதானே.

நான் அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தே வாழ்ந்தவன். பகலெல்லாம் கடை, மாலையில் சிவன் கோவில். மகன் போன பிறகும் பதிகம் பாடுவதை நிறுத்தவில்லை. வாய் பாடியது, நெஞ்சு சிவனோடு வழக்காடியது. முதுமையால் கடை வேலையும் நின்றது. வீட்டில் மிஞ்சியவர்கள் நான், என் மருமகள் பூங்கொடி, நடக்கப் பழகிய பேத்தி, இளமையிலேயே கணவனை இழந்து என்னோடு வந்து தங்கிவிட்ட என் அக்காள் கமலம்.

பூங்கொடி வணிகவியல் பட்டம் பெற்றவள். ஒரு காலத்தில் நன்றாகப் பேசுவாள். கணவன் போன பிறகு அந்நியர் முன்னே அவள் வாய் அடைத்துப் போயிற்று. வீட்டுக்குள் இரண்டு சொல், மூன்று சொல். வெளியில் அதுவும் இல்லை.

வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. முதலில் ஜெயங்கொண்டத்தில் ஒரு முந்திரி நிறுவனத்து நேர்காணல். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஒருவர் எல்லோருக்கும் பொதுவாக எழுதிக் கொடுத்திருந்த ஆங்கில வாக்கியங்களை அவள் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது. எதிரே இருந்தவர் சிரித்தாராம். அடுத்து வரதராஜன்பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகம். அங்கே, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று முதல் கேள்வி கேட்டார்கள். பதிலே சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு வேப்பந்தட்டையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தான். வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான்.

"மாமா, இதுக்கு ஆபீஸ் வேலையெல்லாம் வராதுங்க. ஆடி முடியட்டும், நான் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடறேன். மாட்டக் கீட்டப் பாத்துக்கிட்டு, எங்க வூட்டுல ஒரு வா கஞ்சி குடிச்சிக்கிட்டுக் கெடக்கட்டும்."

"அவ பட்டம் வாங்குனவப்பா" என்றேன்.

"பட்டத்த மாட்டுக் கொம்புலயா கட்டறது?"

உள்ளே பூங்கொடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுத்து ஒரு சொல் வரவில்லை. அடுத்த நேர்காணல் தவறினால் என் மகனுடைய மனைவி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுவாள், என் பேத்தி அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்ற மிச்சத்தில் வளர்வாள். இது ஒன்றுதான் என் கண் முன்னே நின்றது.

2004-ஆம் ஆண்டு ஆடி மாதம், பெரம்பலூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வரவேற்பு மேசை வேலை. வெள்ளிக்கிழமை காலை நேர்காணல். என் அக்காள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆடி மாசத்துல எவனாச்சும் ஆள் எடுப்பானா தம்பி? அதுவும் வெள்ளிக்கெழம. பெரம்பலூரு நமக்கு மேற்க. வெள்ளிக்கெழம மேற்க சூலம்டா. எதுத்துக்கிட்டுப் போனா குத்தும்."

"நாளை அவங்கதான் குறிச்சாங்க. நாமளா குறிச்சோம்? சிவனோட சூலம் அவன் கையில இருக்கு. அது பஸ்ஸுல போற பொண்ணக் குத்தாது" என்று சொல்லிவிட்டு நான் கோவிலுக்குப் போய்விட்டேன்.

போகக் கூடாத நாளில் போக வேண்டி வந்தால் நம் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பார்கள். முன்னதாகவே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப்படுகிறவருடைய பொருள் எதையாவது, போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஒரு துண்டையோ ஒரு புடவையையோ வைப்பது வழக்கம். என் அக்காள் என்ன செய்தாள் தெரியுமா? வேலைக்குப் போகிறவளுக்கு உயிர் சான்றிதழில்தானே இருக்கிறது என்று எண்ணி, பூங்கொடியின் சான்றிதழ்கள் அத்தனையும் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய், மேற்கே பெரம்பலூர் சாலையில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் வீட்டில் புதன்கிழமையே வைத்துவிட்டு வந்துவிட்டாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை காலையில்தான், வாயில் வெல்லத்தைப் போட்டுவிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, தானும் எதிரே வரலாகாது என்று சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யார் புறப்பட்டாலும் அவள் அப்படித்தான். அவள் கணவர் இறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நானும் பூங்கொடியும் அந்த வீட்டுக்கு ஓடினோம். கதவில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டே சொன்னாள். "அவங்க நேத்து சாயங்காலமே உடையார்பாளையத்துக்குக் கேதத்துக்குப் போயிட்டாங்களே. இன்னிக்கி எடுக்கறாங்க. பொழுது சாஞ்சிதான் வருவாங்க."

அடியார்களே, அந்தப் பூட்டின் முன்னே எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. அதைக் கையில் எடுத்துவிட்டேன். பூட்டை உடைக்கவா, வேறு யாரை அடிக்கவா என்று எனக்கே தெரியவில்லை. அக்காள் மீது கோபம். சூலம், சகுனம் என்று பிள்ளைப் பருவத்திலிருந்து நம் காதில் ஓதிய எல்லோர் மீதும் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் மீது கோபம்.

அப்போது பூங்கொடி என் கையிலிருந்த கல்லை வாங்கிக் கீழே போட்டாள். "வாங்க மாமா. பஸ்ஸப் பிடிப்போம்" என்றாள்.

"வெறுங்கையோட போயி என்னம்மா பண்ணப் போற?"

"பை போயி பேசப் போறதில்லையே மாமா."

அவ்வளவு நீளமாக அவள் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. நான் அவள் பின்னே நடந்தேன்.

பேருந்தில் அவள் முன்னே பெண்கள் பக்கம் அமர்ந்தாள். நான் பின்னே நின்றேன். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல். அந்தப் பயணம் முழுவதும் நான் அவனை ஏசினேன். வாய் அசையவில்லை. உள்ளே ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லை. 'நீ பிட்டுக்கு மண் சுமக்கக் கூலி வேலைக்குப் போனவன். வேலை சரியில்லை என்று முதுகில் பிரம்படி வாங்கியவன். வேலை கொடுக்கிறவன் முன்னே நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் இவளை இப்படி நிறுத்துகிறாயே. என் மகனை எடுத்தாய். இவள் வாயையும் எடுத்தாய். இன்றைக்குக் கையில் இருந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டாய். இனி உன்னிடம் நான் வேலை கேட்கவில்லை. இவள் வாயைத் திருப்பிக் கொடு. அது உன் வீட்டுச் சொத்து அல்ல. கொடுக்காவிட்டால் இன்று மாலை உன் சந்நிதியில் நான் வாய் திறக்க மாட்டேன். என்றைக்குமே திறக்க மாட்டேன்.' இதுதான் என் பிரார்த்தனை. இதைப் பிரார்த்தனை என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்களோ, தெரியாது. எனக்கு அன்று வேறு வரவில்லை.

மருத்துவமனையில் இன்னும் தச்சு வேலை முடியவில்லை. நேர்காணல் நடந்த இடத்துக்கும் நாங்கள் காத்திருந்த இடத்துக்கும் நடுவே ஒரு மரப்பலகைத் தடுப்புதான். உள்ளே பேசுவது முழுவதும் காதில் விழுந்தது. சான்றிதழ் இல்லை என்றதும் அவளைக் கடைசியில் உட்கார வைத்தார்கள். உச்சிப் பொழுதில்தான் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு நிர்வாகியும் வயதில் மூத்த பெண் மருத்துவர் ஒருவரும் இருந்தார்கள்.

"சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார் நிர்வாகி.

"வேற ஒரு வூட்டுல மாட்டிக்கிச்சு சார். அவங்க பூட்டிக்கிட்டுக் கேதத்துக்குப் போயிட்டாங்க."

"இன்டர்வியூவுக்கு வர்றவங்க சர்டிபிகேட்ட அடுத்தவங்க வீட்லயா வப்பாங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்றே எண்ணினேன்.

"எங்க வூட்டுப் பெரியவங்க பரஸ்தானம் வச்சிட்டாங்க சார். வெள்ளிக்கெழம மேற்க சூலமாம். நாளைக்குள்ள கொண்டாந்து குடுத்துடறேன். இன்னிக்கி என்னையக் கேளுங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை. "எங்கம்மா இருந்தவரைக்கும் இதே கூத்துதான். நான் மெடிக்கல் காலேஜுக்குப் போனப்ப என் செருப்பு நாலு நாள் முன்னாடியே போயிடுச்சு" என்றார்.

நிர்வாகி சிரிக்கவில்லை. தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். "மை நேம் ஈஸ் பூங்கொடி. ஐ ஆம் கமிங் ஃப்ரம் அரியலூர்" என்று அந்தப் பழைய பாடம் தொடங்கியது. அதே இடத்தில் நின்றது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், 'இப்போது கொடு, இப்போதே கொடு' என்று அவனை உலுக்கினேன்.

"சார், இதுக்கு மேல இருக்கறது ஒருத்தர் எல்லாருக்கும் எழுதிக் குடுத்தது. அதுல நான் இல்ல. தமிழ்ல சொல்லலாங்களா?"

"சொல்லும்மா" என்றது மருத்துவரின் குரல்.

சொன்னாள். படித்தது, மகளிர் குழுவில் கூட்டம் நடத்தியது, கணினியில் ரசீது போட்டுப் பழக்கமில்லை, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன் என்பது, எல்லாமே தெளிவாக வந்தன. தெரிந்ததைத் தெரியும் என்றாள். தெரியாததைத் தெரியாது என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை.

பிறகுதான் அந்த நிர்வாகி அதைக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஆஸ்பத்திரிக்குள்ள கால வைக்கிறவன் முதல்ல பாக்கறது உன் மூஞ்சியத்தான். நம்ம பக்கத்து சனத்தப் பத்தி உனக்கே தெரியும். காலையில உசுருக்குப் பயந்துக்கிட்டு வர்றவன் எதிர்ல வெறும் நெத்தியோட ஒரு பொண்ணு உக்காந்திருந்தா, அவன் என்ன நெனப்பான்?"

நான் எழுந்துவிட்டேன். தடுப்பின் மீது கை வைத்துவிட்டேன். ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் உள்ளே போயிருப்பேன். போய் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்திருப்பேன். பூங்கொடியின் குரல் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. அந்தக் குரலில் நடுக்கம் இல்லை.

"எங்க வூட்டுக்காரர அடிபட்டுக் கொண்டாந்தப்ப நான் ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேங்க சார். அங்க உக்காந்திருந்த பொண்ணு பொட்டு வச்சிருந்துச்சா, பூ வச்சிருந்துச்சா, எனக்குத் தெரியாது. இன்னிக்கி வரைக்கும் ஞாபகமில்ல. அவர எந்தப் பக்கம் கொண்டு போயிருக்காங்கன்னு கேட்டேன். 'அப்படி உக்காரும்மா'ன்னுச்சு. அவ்வளவுதான். நானே மாடி மாடியா ஏறி எறங்குனேன். யாரும் வழி சொல்லல. நான் போயிச் சேந்தப்ப, இப்பதாம்மா ஒரு தடவ கண்ணத் தொறந்து பாத்தாருன்னு நர்ஸு சொன்னாங்க. அப்ப நான் அங்க இல்லீங்க."

அவளே மேலும் சொன்னாள்.

"வாசல்ல உக்கார்றவ எழுந்து வந்து வழி காட்டணும் சார். அதுதான் அந்த வேலை. அந்த வேலைய எப்படிச் செய்யக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

என் மகன் கண் திறந்து பார்த்தான் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். இரண்டு ஆண்டாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பாரம்தான் அவள் நாக்கின் மீது கிடந்தது என்பதை அந்தப் பலகைக்கு இப்பால் நின்று நான் தெரிந்துகொண்டேன். கேட்ட வாயை அவன் கொடுத்துவிட்டான். கொடுத்த கையோடு என் நெஞ்சையும் பிளந்துவிட்டான். அவன் கொடுப்பதே அப்படித்தான்.

மருத்துவர் கேட்டார். "சரி, ஒரே நேரத்துல நாலு பேர் வர்றாங்க. எல்லாரும் கத்தறாங்க. யார முதல்ல உள்ள அனுப்புவ?"

"கத்தாதவங்க யாராச்சும் பின்னாடி இருக்காங்களான்னு பாப்பேன் டாக்டர். கத்த முடியாதவங்கதான் முதல்ல."

"அதுவும் தெரியலேன்னா?"

"நர்ஸக் கேப்பேன். தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டேன்."

கடைசியில், நீ ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். "ராத்திரி முறை உண்டாங்க? எனக்குச் சின்னப் புள்ள இருக்கு. இப்பவே தெரிஞ்சா ஏற்பாடு பண்ணிக்குவேன்" என்றாள். வேலை கிடைத்துவிட்டவளைப் போல அல்லவா கேட்கிறாள் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. வெளியே வந்ததும், "மாமா, பசிக்குது" என்றாள். மகன் போன பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்காத சொல் அது.

மறுநாள் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த வாரமே வேலையில் சேரச் சொன்னார்கள். அந்த நிர்வாகி என்னைப் பார்த்து, "பெரியவரே, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்றார். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொய் சொல்ல என்னால் ஆகாது.

வீட்டுக்கு வந்தால் என் அக்காள் என்ன சொல்கிறாள்?

"பாத்தியாடா? நான் பரஸ்தானம் வச்சதுக்குக் கை மேல பலன்."

நான் கத்தினேன். தெருவே கேட்கக் கத்தினேன். காகிதம் கையில் இருந்திருந்தால் அதை நீட்டிவிட்டு இவள் ஊமையாக இருந்திருப்பாள். காகிதத்தைப் பறித்து வாயைத் திறந்தவன் அவன். அதில் உனக்கு என்ன பங்கு என்று கேட்டேன். "ஆமா, பைய வச்சது நான், பேரு அவனுக்கா?" என்றாள் அவள். இன்றுவரை அந்த வழக்குத் தீரவில்லை.

வேலைக்குச் சேர வேண்டிய திங்கட்கிழமை காலை பூங்கொடி புறப்பட்டு நின்றாள். வழக்கம் போல அக்காள் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"பெரியம்மா, வெளிய வாங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போவேன்."

"போடி பைத்தியக்காரி. மொத நாளுடி."

"பஸ்ஸு போயிடும். வாங்க."

கதவு திறந்தது. என் அக்காள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்தபடி வாசல்வரை வந்தாள். புறப்படுகிற ஒருவரின் எதிரே அவள் நின்று எத்தனை காலமாயிற்று. அவள் எப்போதும் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவைப் பற்றி, எல்லோர் மீதும் கோபப்படும் எனக்குக் கூட ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அன்று வந்தது. அன்றிலிருந்து போகவில்லை.

இப்போது என் மருமகள் அந்த வரவேற்பு மேசைக்குத் தலைமை. வேப்பந்தட்டை அண்ணன் தன் மகளுக்கு வேலை கேட்டு அவளிடம்தான் வருகிறான். நானும் சிவனுடைய சந்நிதியில் பாடிக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பு போல அல்ல. மகனை ஏன் எடுத்தாய் என்ற கேள்வியை இன்னும் நான் திரும்பப் பெறவில்லை. கேள்வியோடுதான் பாடுகிறேன். அவனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

வேலைக்காகத் தவிக்கும் பிள்ளைகளைப் பெற்ற அடியார்களே, உங்களுக்குச் சொல்கிறேன். அழகான சொற்களைத் தேடிக்கொண்டு அவனிடம் போகாதீர்கள். உள்ளதைச் சொல்லிச் சண்டையிடுங்கள். அவன் தாங்குவான். உங்கள் பிள்ளைகளும் அப்படியே போகட்டும். எவனோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காமல், தாம் பட்டதைச் சொல்லட்டும். அதற்கு வேண்டிய வாயை அவனிடம் உரிமையோடு கேட்டு வாங்குங்கள்.

நம் கூட்டத்தாரிடம் இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்தவனைப் பாடிவிட்டு வெளியே வரும் நீங்கள், எதிரே வெறும் நெற்றியோடு ஒரு பெண் வந்தால் நின்று, பின்வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். இனி என் கண்ணில் படும்படி அதைச் செய்யாதீர்கள். என்றைக்காவது உங்கள் வீட்டில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு ஓடுவீர்கள். வாசலில் திக்குத் தெரியாமல் நிற்பீர்கள். மேசையை விட்டு எழுந்து ஒருத்தி உங்களை நோக்கி ஓடி வருவாள். அவள் நெற்றியைப் பார்க்க அப்போது உங்களுக்கு நேரம் இருக்காது. அவள் கை காட்டும் பக்கம் போங்கள்.